கண் மூடிய லேயர்

ஜூலை 12, புதன்

நங்கை வந்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பங்குனியில் நான் அந்த வீட்டை விட்டு வந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என் மாடிப்படி ஏறிய முதல் ஆள் இவர்தான். கையில் ஒரு சீப்பு கதலிப்பழம். உட்கார்ந்ததும் ஃபேனைப் பார்த்தார், கேஸ் அடுப்பைப் பார்த்தார், கடைசியில் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இதையத்தான் நீ தூக்கிட்டுப் போயிட்டீன்னு தம்பி சொல்லிட்டுத் திரியறானா?"

"இது என்னுதுங்க நங்கை."

"நான் ஒண்ணும் கேக்கல சாமி. ஸ்டூடியோவுல சாஃப்ட்வேர மாத்தப் போறாங்களாம். புதுசா என்னமோ வந்திருக்குதாமா. மாத்தறதுக்கு முந்தி அதுல என்னென்ன கெடுதல் வரும்னு தெரிஞ்ச ஆளுகிட்டக் கேட்டுக்கோணுமில்ல? நீ ஒரு தாளுல எழுதிக் குடு."

"அவரு கேட்டாருங்களா?"

"அவன் எதுக்குக் கேக்கறான். நானாத்தான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. கோபியில் முகில் ஸ்டூடியோ என்றால் போட்டோ எடுப்பது அவர், ஆல்பம் செய்வது நான். மணப்பெண் முகத்துப் பருவைத் துடைப்பது, மாப்பிள்ளையின் வழுக்கைக்கு முடி வைப்பது, பெயர் அடிப்பது, பக்கம் கட்டுவது எல்லாம் நான்தான். மாசியில் போட்டோகிராஃபர் சங்க விழாவில் எங்கள் ஆல்பத்துக்கு ஷீல்டு கொடுத்தார்கள். மேடையேறியவர் கேமரா விற்றவருக்கு நன்றி சொன்னார், பிரிண்ட் போடும் லேபுக்குச் சொன்னார், மண்டபத்துச் சமையல்காரருக்குக்கூடச் சொன்னார். "எடிட்டிங் ஆருங்க?" என்று சங்கத் தலைவர் மைக்கில் கேட்டார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாரானேன். "அது கம்ப்யூட்டரே பண்ணிக்குமுங்க" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன் பாருங்கள், அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "வாய்ல வந்துச்சு, சொன்னேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு" என்றார். கம்ப்யூட்டர்தான் எல்லாம் பண்ணுகிறது என்றால் அது போன பிறகு என்ன பண்ணுகிறார் பார்ப்போம் என்று, அடுத்த மாதம் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பெயர் தெய்வசிகாமணி. பெயரில் மட்டும்தான் தெய்வம்.

ஜூலை 13, வியாழன்

எழுதிக் கொடுக்கப் போகிறேன். உண்மையாகவே, ஒன்று விடாமல் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வதே அவருடைய வேலை. மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் நனைந்து வருவார். ஸ்டூடியோவுக்கு ரோஸ் பெயிண்ட் வேண்டாம், முகத்தில் நிறம் அடிக்கும் என்றேன்; அடுத்த வாரமே ரோஸ். பவானிக்காரனை நம்பி டிரோன் வாங்காதீர்கள் என்றேன். வாங்கினார், அது முதல் கல்யாணத்திலேயே பந்தல் சீரியல் பல்பில் மாட்டிக்கொண்டு மணமேடையில் விழுந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர் காதில் ஊதினால் சங்குக்குத்தான் வலி.

ஆகவே இதைவிட நல்ல வழி கிடையாது. புது சாஃப்ட்வேரில் என்னென்ன குழி இருக்கிறதோ அத்தனையையும் எழுதி, கீழே என் பெயரையும் போட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு குழியாகத் தேடிப்போய் விழுவார். நாளைக்கு யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. "அவதான் அப்பவே சொன்னாளே" என்று ஊரே சொல்லும்.

பழைய சாஃப்ட்வேருக்கு மூத்தாள் என்றும் புதிதற்கு இளையாள் என்றும் பெயர் வைத்திருக்கிறேன். மூத்தாள் என்னோடு இருக்கிறாள். இளையாளை அவர் கூட்டிக்கொண்டு வரட்டும்.

ஜூலை 15, சனி

காலையில் வாளியில் துணியை ஊறப்போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தவள், மதியம் சோறு வடிக்கத்தான் எழுந்தேன். துணி நாறிப்போய்விட்டது.

என்ன எழுதினேன் என்பதை இங்கேயும் வைக்கிறேன். இளையாள் நம் பழைய ஃபைலைத் திறப்பாள், ஆனால் நாம் வைத்தபடி திறக்கமாட்டாள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல் படத்தின்மேல் லேயர் லேயராக வேலை செய்திருக்கிறோம். நகைக்கு ஒன்று, பந்தலுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. அதில் பாதியை அவள் ஒட்டி ஒன்றாக்கிவிடுவாள், பிறகு பிரிக்க முடியாது. நிறம் மாறும். திரையில் அரக்காகத் தெரியும் பட்டு லேபிலிருந்து காவியாக வரும், அதனால் ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த பெயர்கள் புரியாத கிறுக்கலாக வரும், எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும், அடித்தாலும் கொம்பும் காலும் எங்கே போய் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் ஒரு பட்டனைத் தட்டிப் பழகிய விரல் புதிதில் தப்பான பட்டனைத் தட்டும், முதல் மாதம் வேலை இழுக்கும். செய்த திருத்தங்களை அவள் படத்துக்குள் வைப்பதில்லை, தனியாக ஒரு பெட்டியில் வைத்துக்கொள்கிறாள். படத்தை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் திருத்தம் காணாமல் போகும். மாதக் கட்டணம் கட்டாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆகவே ஆவணியில் மாற்றக் கூடாது, முகூர்த்தம் இல்லாத ஆடியிலேயே மாற்றிவிட வேண்டும். முதலில் ஒரு கல்யாணத்தை மட்டும் போட்டுப் பழக வேண்டும். ஸ்டூடியோ டிஸ்கில் நகலாக இருக்கும் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக மாற்றி, திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் பழையதை அழித்துவிடலாம், இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை. யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணக் குரூப் போட்டோவில் செத்துப்போனவரையும் சேர்த்து நிறுத்தச் சொல்வார்கள். பெண்ணின் அப்பாவோ மாப்பிள்ளையின் அம்மாவோ இல்லாமல் என்ன போட்டோ என்று ஒரு வீட்டில் அழுவார்கள். மங்கல காரியத்தில் செத்தவர் நிற்கலாமா என்று இன்னொரு வீட்டில் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் ஒரே ஃபைலில் இரண்டையும் வைப்பேன். இறந்தவர் தனி லேயரில் நிற்பார். ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும், அதைத் தட்டினால் கண் மூடிக்கொள்ளும், லேயர் மறைந்துவிடும். கேட்ட வீட்டுக்குக் கண்ணைத் திறந்து பிரிண்ட் போடுவேன், மற்ற வீட்டுக்கு மூடிவிடுவேன். வேலை முடிந்ததும் மூடித்தான் வைப்பேன், தவறிப்போய் அவர் வேண்டாதவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா.

கண் மூடிய லேயரை இளையாள் குப்பை என்று எறிந்துவிடுவாள். இப்போது வீட்டிலிருந்தே செய்துகொடுக்கும் சத்தியமங்கலத்து ஆர்டருக்காக அவளைச் சோதித்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். அவருக்குத் தெரியாது. ஒருநாளாவது என் பின்னால் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க நான் என்ன அவர் சம்பளத்துக்கா இருக்கிறேன்? இது ஒன்று என் பங்கு.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. தாளை நங்கையிடம் கொடுத்தாயிற்று. வசுமதி என்று என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், கண்ணில் படாமல் போய்விடக் கூடாது.

ஜூலை 26, புதன்

மிக்சி ஜாரின் பிளேடு சுற்றவில்லை என்று கடைவீதிக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டூடியோ வழியாகத்தான் போகும். ரோஸ் சுவர் அப்படியே இருக்கிறது. வாசலில் இரண்டு பேர் புது மானிட்டர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தேர் இழுப்பவர்களுக்கு வழி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

இளையாள் வந்துவிட்டாள். வரட்டும், வரட்டும். மிக்சிக்காரர் "ஏனுங் அக்கா, தனியாச் சிரிக்கறீங்" என்று கேட்டார். ஆடிக் காற்று என்றேன்.

வீட்டுக்கு வந்து அவர் கெடப்போகிற கேட்டை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். சம்பந்தி வீட்டார் ஆல்பத்தைத் தூக்கி மேசைமேல் எறிவார்கள். மாப்பிள்ளை பெயர் கிறுக்கலாக வந்திருக்கும். பெண்ணின் அரக்குப் பட்டு காவியாகி, சாமியார் மடத்துக் கல்யாணம்போல் இருக்கும். அன்றைக்கு "கம்ப்யூட்டரே பண்ணிக்குமுங்க" என்று யாரிடம் சொல்கிறார் என்று பார்க்கிறேன். இன்றைக்கு நன்றாகப் பசித்தது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. பக்கத்து வீட்டம்மாவோடு கொடிவேரிக்குப் போனேன். ஆற்றங்கரையில் முளைப்பாரியும் காதோலைக் கருகமணியுமாக ஒரே கூட்டம். அங்கே நங்கை ஈரப்புடவையோடு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டூடியோவுல எல்லாம் எப்பிடிங்க போகுது?" என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவள்போல் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே கேட்டேன்.

"அதையேன் கேக்கற. நீ எழுதிக் குடுத்த தாள லேமினேசன் பண்ணிச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறான்."

"ஆரு?"

"எந் தம்பிதான், வேற ஆரு. காத்தால கடையத் தொறந்ததும் அதையத்தான் படிக்கறான். வேலைக்குப் புதுசாச் சேந்திருக்குதே ஷர்மிளான்னு ஒரு புள்ள, அது ஏதாச்சும் அவசரப்பட்டாக்கூட விட மாட்டீங்கறான். மொதல்ல ஒரே ஒரு பக்கம் பிரிண்டுப் போடு, வசு அப்பிடித்தான் எழுதியிருக்கறாங்கறான். பேரெல்லாம் திரும்ப அடிக்கறாங்க. ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துத்தான் பழசக் கழிக்கறாங்க. நீ சொன்னதுல ஒரு புள்ளி மாறல, அம்மிணி."

கையிலிருந்த சந்தனக் கிண்ணம் ஆற்றோடு போய்விட்டது. நங்கை அதைப் பிடிக்க ஓடினார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

கேட்டுவிட்டார். கேட்கத் தெரிந்திருக்கிறது.

இத்தனை வருஷமும் இவர் காது எங்கே போயிருந்தது? காய்ச்சலோடு உட்கார்ந்து ஆல்பம் முடித்தபோது ஒரு நாள் லீவு கேட்டேன், கேட்கவில்லை. எங்கள் அம்மாவைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், கூட வாருங்கள் என்றேன், கேட்கவில்லை. இப்போது ஒரு தாளில் எழுதியதைத் தினமும் காலையில் மந்திரம்போல் படிக்கிறாராம். செவிடன் என்று நினைத்திருந்தேன். செவிடனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அரிசி அடிப்பிடித்துவிட்டது. பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து விரல் எரிகிறது. அவரை நினைத்துத்தான் தேய்த்தேன், அதனால் பாத்திரம் நன்றாகவே வெளுத்திருக்கிறது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஷர்மிளா வந்தாள். இதற்குமுன் அவளைப் பார்த்ததில்லை. சண்டை போட ஆள் கிடைத்தது என்று கதவைத் திறந்தால், துப்பட்டாவால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பயந்த முகமாக ஒரு பெண் நிற்கிறாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சாருக்குத் தெரியாது. பேரு அடிச்சா எல்லாம் வருதுங்க்கா, 'கொ' மட்டும் பிச்சுக்குது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிக்குது. 'பூங்கொடி'ன்னு ஒரு பொண்ணு, கார்டுல அடிக்கவே முடியல."

எழுத்துக்கான அமைப்பில் இந்திய மொழிகளுக்கு என்று தனியாக ஒரு பொத்தான் உண்டு, அதைப் போடாவிட்டால் அப்படித்தான் என்றேன். தாளில் குறித்துக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். அவள்மேல் கோபப்பட முடியவில்லை என்பதே எனக்குக் கோபமாக இருந்தது.

"வேற எல்லாம் முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுதுங்க்கா. பழைய ஃபைலெல்லாம் மாத்தி, சார் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்து, செரியா இருக்குதுன்னதுக்கப்புறந்தான் பழச அழிச்சோம். உங்க தாளுல போட்டிருக்கற மாதிரியே. இப்ப நிக்கற ஆல்பம் ஒண்ணுதான், ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள குடுக்கோணும். கரட்டடிபாளையம் நாச்சம்மான்னு ஒருத்தங்க. தை மாசக் கல்யாணம்."

"குரூப் போட்டோ பாத்தீங்களா?"

"பாத்தோமுங்க்கா. கடைசிப் பக்கத்துக்கு அதுதான். எல்லாருமே நல்லா வந்திருக்கறாங்க."

எல்லோரும் வந்திருக்கிறார்களாம். வராத ஆள் ஒருவர் உண்டு என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 12, சனி

நாச்சம்மாக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் புருஷன் வேலுச்சாமி தறி ஓட்டியவர், கார்த்திகையில் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் நடந்த வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தையில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாலியறுத்தவள் ஸ்டூடியோவுக்குள் முன்வாசல் வழியாக வரக் கூச்சப்பட்டு, பின்பக்கம் என் அறைக்கு வந்தார். மகளுக்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்டது என்னிடம்தான். இவரிடம் யாரும் சொல்லவில்லை, இவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எத்தனையோ மாதம் அந்த ஆல்பத்துக்குப் படம் பொறுக்க நாச்சம்மாக்காவுக்கு மனம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

ஷர்மிளாவிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம் அந்த மேடையும் மைக்கும் சிரிப்பும் ஞாபகம் வந்தன. கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்காததற்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

என் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ஃபைல் இருக்கிறது. எதற்கும் ஒரு தடவை பார்த்து வைத்தேன். இருக்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

நடந்துவிட்டது. நங்கை போனில் சொன்னார். நேற்று ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போன நாச்சம்மாக்கா, இன்று காலையில் ஸ்டூடியோ வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாராம். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்களாம்.

"கடசிப் பக்கத்துல அவரக் காணமுன்னு அழுகறா அம்மிணி. 'மவளுக்குப் பக்கத்துல நின்னாரே, நான் கண்ணால பாத்தேனே, எங்க போனாரு?'ன்னு கேக்கறா. தம்பிக்கு ஒண்ணும் புரியல, முழிக்கறான். 'ஒருக்கா ஆண்டவன் கொண்டுபோனான், இன்னொருக்கா நீங்க கொண்டுபோயிட்டீங்க'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கறா. ஏஞ் சாமி, கேக்கறியா?"

கேட்கிறேன் நங்கை என்றேன்.

இதற்குத்தானே காத்திருந்தேன். ஊர் முன்னால், அவருடைய ரோஸ் சுவருக்கு முன்னால், ஒரு வார்த்தை பேச முடியாமல் அவர் நின்றிருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சேமியா பாயசம் வைத்தேன். முந்திரிகூடப் போட்டேன். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பாயசம் மீந்து திரிந்துவிட்டது. கீழே கொட்டினேன். சத்தியமங்கலத்து வேலையில் ஒரு பெண்ணின் பொட்டை அழித்துவிட்டேன், திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

அவர் வந்தார்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது. சட்டை பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தார். இளைத்திருக்கிறார். நன்றாக இளைக்கட்டும் என்று நினைத்தேன்.

"உள்ள வரலாமா?"

"அங்கயே நின்னு சொல்லுங்க."

நின்றார். "நாச்சம்மாக்கா படம்... அந்தப் பழைய ஃபைல் உங்கிட்ட இருக்குமா, வசு?"

"ஏனுங்க, அதையெல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிக்குமே."

அடி சரியாக விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை மாதமாக இந்த வார்த்தையைக் கூர் தீட்டி வைத்திருந்தேன்! இன்னும் இரண்டு மூன்று வைத்திருந்தேன், ஆனால் அவர் திருப்பிப் பேசாததால் அவை வெளியே வரவில்லை.

"அந்தத் தாளுல இது இல்லியே" என்றார் மெதுவாக. "நீ எழுதுனது எல்லாத்தையும் அப்பிடியே பண்ணுனேன். ஒண்ணு விடல."

"நான் கூட இருந்தப்ப ஒரு பேச்சுக் கேட்டதில்ல. இப்ப மட்டும் எதுக்குக் கேட்டீங்க?"

கைப்பிடிச் சுவரில் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "நீ இருந்த வரைக்கும், தப்பாப்போனா நீ செரி பண்ணிருவீன்னு இருந்துட்டேன். இப்ப ஆரு இருக்கறா? அதான் பயந்து பயந்து படிச்சேன். அக்காள அனுப்புனதும் நாந்தான். நான் கேட்டா நீ எழுத மாட்டியேன்னு."

வெங்காயம் நல்ல காரம். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவர் வேறு மாதிரி நினைத்திருக்கக் கூடாது.

"இத எழுத மறந்துட்டயா, வசு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். இந்த மனுஷனுக்கு முன்னால் பொய் சொல்லி நல்லவளாக நிற்க எனக்கு இஷ்டமில்லை.

"மறக்கல" என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "செரி" என்றார். அவ்வளவுதான்.

"ஃபைல உங்களுக்குக் குடுக்க மாட்டேன். நானே பிரிண்டுப் போட்டு அந்தக்காகிட்டக் குடுத்துக்கறேன். அதுல உங்க ஸ்டூடியோ பேரு வராது."

"வேண்டாம். உம் பேரையே போடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. குழம்பில் உப்புப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஃபைலைத் திறந்து வேலுச்சாமி அண்ணனின் கண்ணைத் தட்டினேன். மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

இந்த வேலை எனக்கு மறந்தே போயிருந்தது. அவருக்கு முழு உருவமாக ஒரு போட்டோகூட இல்லை. மாகாளியம்மன் பண்டிகையில் யாரோ எடுத்த கூட்டத்துப் படத்திலிருந்து முகம், அவருடைய தம்பியை வேட்டி கட்டி நிற்க வைத்து எடுத்த உடம்பு. முதலில் காட்டியபோது நாச்சம்மாக்கா, "இது அவரு நிக்கற நெல இல்லீங், தறி மிதிச்சு மிதிச்சு எடது பக்கம் சாஞ்சுதான் நிப்பாரு" என்றார். சாய்த்தேன். துண்டு இந்தத் தோளில் இல்லை, அந்தத் தோளில் என்றார். மாற்றினேன். மணமேடை விளக்கு வெளிச்சம் அவர் கன்னத்தில் விழும்படி செய்ய ஒரு வாரம் ஆனது. நான் செய்ததில் இதைவிட நல்ல வேலை வேறு இல்லை என்று யாரும் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிக்கொள்வேன்.

ஈரோடு லேபுக்கு அனுப்பினேன். கீழ் ஓரத்தில் 'வசுமதி' என்று அடித்தேன். முதலில் சின்னதாக அடித்தேன், பிறகு படியிறங்கிப் போனவரின் முகம் ஞாபகம் வந்து பெரிதாக்கினேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கரட்டடிபாளையம் போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாச்சம்மாக்கா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். படத்தை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். புருஷனின் சாய்ந்த தோளை விரலால் தடவினார், துண்டைத் தடவினார். மகள் தோளுக்கும் அவர் தோளுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியைத் தடவினார். அப்புறம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்துட்டாருங் அம்மிணி. இந்தக் கைதானே கொண்டாந்துச்சு" என்று என் வலது கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை அதன்பிறகு விடவே இல்லை.

கீழே என் பெயரைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அதைப் பெரிதாக்கியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

"நேத்து அந்த ஸ்டூடியோக்காரரு இங்க வந்தாருங்" என்றார். "வந்து, என் தப்புத்தானுங்கக்கா, நாந்தான் செரியாப் பாக்காம அழிச்சுப்போட்டேன், வேற ஆரு மேலயும் தப்பில்லீங்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆரு தப்புன்னு நான் கேக்கவே இல்ல, அவரா 'வேற ஆரு மேலயும் தப்பில்ல, வேற ஆரு மேலயும் தப்பில்ல'ங்கறாரு. நானும் எத்தன மனுசரப் பாத்திருப்பேன். அந்தாளு பொய் சொல்றாருங் அம்மிணி. வேற ஆரையோ காப்பாத்தறாரு."

தண்ணீர் கேட்கலாம் என்றால் என் கையை விட்டால்தானே அவர் எழுந்து போக முடியும். விடவில்லை.

இன்னொரு கையால் வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளினார். சாணித் தண்ணீர் பட்ட ஈர மண், விரலிடுக்கில் பிதுங்கியது. அதைத் தெருவைப் பார்த்து வீசித் தூற்றினார்.

"ஆரா இருந்தாலுஞ் செரி. எம்புருசன எங்கிட்ட இருந்து ரெண்டாந்தடவ எடுத்தவீக கை வெளங்காமப் போகோணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங் அம்மிணி, அந்தக் கை வெளங்குமா?" என்று கேட்டார்.

"வெளங்காதுங்கக்கா" என்றேன்.